இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடிப் பாருங்கள். ஓர் இடத்தில் 8,200 கி.மீ. என்றிருக்கும், இன்னோர் இடத்தில் 8,700. நேரமும் ஒன்பதரை, பதினொன்று, பதினேழு என்று ஆளுக்கொன்றாக வரும். பெரும்பாலும் யாரும் தவறாகச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பயணத் திட்டம் போட உட்காரும் புதியவர்கள் பலரை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது கணிதத்தில் அல்ல, வரிசையில். டிக்கெட்டில் உள்ள இரண்டு கடிகார நேரங்களை முதலில் கழிக்கிறார்கள். அந்த விடையை வைத்து மற்றதையெல்லாம் கட்டுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் தூரம், பிறகு வேகம், கடைசியில் கடிகாரம். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படியின் பிழையைப் பிடித்துக் கொடுக்கும்.

சென்னை–சிங்கப்பூர், சென்னை–லண்டன், சென்னை–டொராண்டோ ஆகிய மூன்று தடங்களை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம்.

1. உங்களுக்கு எந்த எண் தேவை?

தூரத்தில் இரண்டு வகை. பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் ஒன்று. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். விமானம் அன்றைக்கு உண்மையில் பறந்த தூரம் மற்றொன்று. முதலாவது என்றும் மாறாது. இரண்டாவது நாளுக்கு நாள் மாறும்.

நேரத்தில் மூன்று வகை. சக்கரம் தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும் வரையிலானது பறக்கும் நேரம். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, சேருமிடத்தின் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் வரையிலானது பிளாக் நேரம். டிக்கெட்டில் அச்சாகும் புறப்பாடும் வருகையும் பிளாக் நேரத்துக்கு உரியவை. மூன்றாவது, வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை.

எது தேவை என்பது காரியத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் ஒழுங்குமுறை, விமானம் ரத்தானால் தர வேண்டிய இழப்பீட்டை 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்று பெருவட்டத் தூரத்தை வைத்து வகைப்படுத்துகிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் பிளாக் நேரத்தைப் பார்க்கின்றன. தாமதத்தின்போது பயணிக்கு உணவு தர வேண்டிய கடமை, பிளாக் நேரம் இரண்டரை மணிக்குள் இருந்தால் 2 மணி நேரத் தாமதத்தில் தொடங்குகிறது. இரண்டரைக்கு மேல் ஐந்து மணி வரை என்றால் 3 மணி நேரம். அதற்கும் மேல் என்றால் 4 மணி நேரம். எண்ணை மாற்றிப் பிடித்தால் உரிமையையும் மாற்றிப் பிடிப்பீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

இரு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடு. அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். சைன், கொசைன் உள்ள ஒரு கால்குலேட்டர் அல்லது எக்செல். எந்த வகை விமானம் பறக்கிறது என்ற தகவல். இரு ஊர்களும் உலகப் பொது நேரத்திலிருந்து (யுடிசி) எத்தனை மணி தள்ளியிருக்கின்றன என்ற தகவல். பயணத் தேதி.

தேதி எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகின்றன. தேதி தெரியாமல் நேர வித்தியாசத்தை எழுதவே முடியாது.

3. ஊரை அல்ல, நிலையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

லண்டன் என்பது ஒரு விமான நிலையம் அல்ல. ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு நிலையங்கள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. தூரக் கணக்கில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவருக்கு லண்டன் நகரப் போக்குவரத்து நடுவில் நிற்கும்.

குறியீடுகளிலும் கவனம் வேண்டும். திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி; ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆஸ்திரேலியாவின் சிட்னி எஸ்ஒய்டி. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது, அதன் குறியீடு ஒய்க்யூஒய். ஊர்ப் பெயரை மட்டும் தட்டச்சு செய்து, பட்டியலில் முதலில் வருவதை அழுத்திவிடும் பழக்கம்தான் இங்கே ஆபத்து. குறியீட்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பக்கத்தில் நாட்டின் பெயரையும் எழுதுங்கள்.

4. இருப்பிட எண்களைச் சரியான வடிவத்தில் எடுங்கள்

நம் கணக்குக்கு இந்த எண்கள் போதும்:

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.35, கிழக்கு 103.99
லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.46
டொராண்டோ பியர்சன்: வடக்கு 43.68, மேற்கு 79.63

இரண்டு தசம இடங்கள் இருந்தால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைத்துவிடும். அதற்கு மேல் எழுதுவது வீண் வேலை. விமான நிலையமே பல கிலோமீட்டர் நீளம் கொண்டது.

இந்தப் படியில் மூன்று பிழைகள் அடிக்கடி நிகழ்கின்றன.

முதலாவது, நிமிடத்தைத் தசமமாகப் படிப்பது. 12 பாகை 59 நிமிடம் என்றால் 12.59 அல்ல. 59ஐ 60ஆல் வகுக்க வேண்டும், விடை 12.98. அப்படியே 12.59 என்று எழுதினால் சென்னை விமான நிலையம் 40 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்து மாமல்லபுரத்துக்கு அருகே போய்விடும்.

இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. டொராண்டோவுக்கு 79.63 என்று குறியில்லாமல் எழுதிப் பாருங்கள். அது சென்னையின் தீர்க்கரேகைக்கு மிக அருகில் வந்துவிடும். அந்தப் புள்ளி இருப்பது கஜகஸ்தானில். விடையும் ஏறக்குறைய 3,400 கி.மீ. என்று வரும். பார்ப்பதற்கு நம்பும்படியான எண்ணாக இருப்பதால்தான் இந்தப் பிழை தப்பித்துவிடுகிறது.

மூன்றாவது, வரிசையை மாற்றுவது. பெரும்பாலான வரைபடச் செயலிகள் அட்சரேகையை முதலில் தரும். சில தரவுக் கோப்புகள் தீர்க்கரேகையை முதலில் தரும். அட்சரேகை 90ஐத் தாண்டவே தாண்டாது. முதல் எண் 103 என்றிருந்தால் இடம் மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். சென்னை போன்ற ஊர்களுக்கு இந்த எச்சரிக்கை மணி அடிக்காது, ஏனென்றால் 80ம் 90க்குள்தான் இருக்கிறது. ஆகவே கண்ணால் பார்த்து உறுதி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

5. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

எளிதான வகையில் தொடங்குவோம். இரு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருந்தால் சூத்திரமே வேண்டாம். அட்சரேகை வித்தியாசத்தை 111.2ஆல் பெருக்கினால் போதும், ஏனென்றால் வடக்கு–தெற்கில் ஒரு பாகை ஏறக்குறைய 111.2 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையம் வடக்கு 9.79, கிழக்கு 80.07. சென்னையிலிருந்து வித்தியாசம் 3.20 பாகை. தூரம் 356 கி.மீ. முடிந்தது.

கிழக்கு–மேற்காக நகரும்போது இது உதவாது. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவருவதால், ஒரு பாகையின் அகலம் குறைந்துகொண்டே போகும். அதனால் ஹாவர்சைன் சூத்திரத்துக்குப் போகிறோம்:

க = சைன்²(அட்ச வித்தியாசம் ÷ 2) + கொசைன்(முதல் அட்சம்) × கொசைன்(இரண்டாம் அட்சம்) × சைன்²(தீர்க்க வித்தியாசம் ÷ 2)

தூரம் = 2 × 6,371 × ஆர்க்சைன்(√க)

6,371 என்பது பூமியின் சராசரி ஆரம், கிலோமீட்டரில். ஆர்க்சைன் என்பது சைனின் தலைகீழ்; அதன் விடை ரேடியனில், அதாவது பாகையைப் போன்ற மற்றொரு கோண அலகில், இருக்க வேண்டும். சென்னை–சிங்கப்பூருக்கு இதைப் போட்டுப் பார்ப்போம்.

அட்ச வித்தியாசம் 11.64, பாதி 5.82, அதன் சைன் வர்க்கம் 0.01028.
தீர்க்க வித்தியாசம் 23.82; பாதி 11.91, அதன் சைன் வர்க்கம் 0.04259.
இரு கொசைன்களின் பெருக்கல் 0.9741.
க = 0.01028 + 0.9741 × 0.04259 = 0.05177.
வர்க்கமூலம் 0.2275, ஆர்க்சைன் 0.2295 ரேடியன்.
தூரம் = 2 × 6,371 × 0.2295 = ஏறக்குறைய 2,925 கி.மீ.

இதே முறையில் சென்னை–ஹீத்ரோ 8,235 கி.மீ., சென்னை–டொராண்டோ 13,390 கி.மீ. அளவில் வரும்.

கால்குலேட்டர் பாகை நிலையில் இருந்தால் ஆர்க்சைன் 0.2295க்குப் பதிலாக 13.15 என்று காட்டும். அப்போது 6,371ஆல் பெருக்கக் கூடாது. இரட்டித்து 26.30 ஆக்கி, 111.2ஆல் பெருக்குங்கள்; விடை அதேதான். எக்செல் இதற்கு நேர் எதிர். அதன் சைனும் கொசைனும் ரேடியனை மட்டுமே ஏற்கும். பாகையை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, அபத்தமான ஓர் எண் வந்து நிற்கும். ஒவ்வொரு கோணத்தையும் முதலில் ரேடியனாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. ஆகவே இந்த விடை அரை சதவீதம் வரை விலகலாம். பயணத் திட்டத்துக்கு இது பொருட்டல்ல; சட்டப்படியான எல்லைக்கோட்டுக்கு, அதாவது 1,500க்கோ 3,500க்கோ மிக அருகில் வந்தால் மட்டும் நீள்கோள முறையில் கணக்கிடும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

விமானத் துறை கடல் மைலில் பேசும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. வெளிநாட்டுப் பட்டியல்களில் வெறும் மைல் என்றிருந்தால் எந்த மைல் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். தவறான மைலில் மாற்றினால் 15 சதவீதம் விலகிவிடும்.

6. தட்டையான வரைபடத்தை நம்பாதீர்கள்

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஓர் அளவுகோலை வைத்துக் கோடு போடுங்கள். அது அரபிக்கடல், அரேபியப் பாலைவனம், சஹாரா, அட்லாண்டிக் என்று மேற்கு நோக்கிப் போகும். உண்மையான குறுகிய வழி வேறு. அது சென்னையிலிருந்து வடக்கே கிளம்பி, சற்றே மேற்கே சாய்ந்து, ரஷ்யாவைக் கடந்து, வட அட்சம் 73 பாகைக்கு மேல் ஏறி, ஆர்க்டிக் பகுதியைத் தொட்டுவிட்டு வட அமெரிக்காவுக்குள் இறங்குகிறது.

வீட்டில் ஓர் உலக உருண்டை இருந்தால் நூலை இரு ஊர்களிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் தானாக வடக்கே ஏறும். புதியவர்களிடம் சூத்திரத்தைச் சொல்வதற்கு முன் இதைச் செய்யச் சொல்வது என் வழக்கம். ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், விமானம் ஏன் சுற்றிப் போகிறது என்ற கேள்வியே எழாது.

திட்டமிடலுக்கும் இதில் பயன் உண்டு. சென்னை–லண்டன் 8,235, லண்டன்–டொராண்டோ ஏறக்குறைய 5,707. இரண்டும் சேர்ந்து 13,942 கி.மீ. நேரடித் தூரத்தைவிட 550 கி.மீ. மட்டுமே அதிகம். வரைபடத்தில் பெரிய வளைவாகத் தெரியும் லண்டன் வழி உண்மையில் கிட்டத்தட்ட பாதையிலேயே இருக்கிறது. இணைப்பு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படி இரு துண்டுகளையும் கூட்டி நேரடித் தூரத்தோடு ஒப்பிடுங்கள்.

7. உண்மையில் பறக்கும் தூரத்துக்கு மாறுங்கள்

விமானம் பெருவட்டத்தின் மேல் இம்மி பிசகாமல் பறப்பதில்லை. ஓடுபாதையின் திசையில் எழும்பித் திரும்ப வேண்டும், வகுக்கப்பட்ட வான்தடங்களில் போக வேண்டும், இறங்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். புயல் மேகம் வந்தால் விலக வேண்டும்.

பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐசிஏஓ) கார்பன் கணக்கீட்டு முறை இதற்கு ஓர் எளிய திருத்தம் வைத்திருக்கிறது. 550 கி.மீ.க்குக் குறைவான தடத்துக்கு 50 கி.மீ. கூட்டு, 5,500 வரை 100, அதற்கு மேல் 125. குறுகிய, நடுத்தரத் தடங்களுக்கு இதுவே போதும். வங்கக் கடலைத் தாண்டி, கிரேட் நிக்கோபார் பக்கமாகப் போகும் சிங்கப்பூர் தடத்தில் தடைகள் குறைவு. 2,925 + 100 = 3,025 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

நீண்ட தடங்களுக்கு அந்த 125 போதாது என்பது என் கருத்து. பல நாடுகளின் வான்வெளியைக் கடக்கும்போது வளைவுகள் கூடுகின்றன. 5 சதவீதம் சேர்த்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. சென்னை–லண்டன் அப்போது 8,650 கி.மீ. ஆகும்.

வான்வெளி மூடப்பட்டால் எந்தச் சதவீதமும் செல்லாது. பாகிஸ்தான் தன் வான்வெளியை 2019 பிப்ரவரி இறுதியில் மூடி, ஜூலை 16 அன்று திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஏறக்குறைய 9 மணியிலிருந்து 13 மணியாக நீண்டது. பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

ஆகவே பிளைட்ரேடார்24, பிளைட்அவேர் போன்ற தளங்களில் அதே தடத்தின் சமீபத்திய பாதைகளைப் பார்த்துவிடுங்கள். எந்த நிறுவனம் பறக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாட்டு விமானத்துக்கு மூடிய வழி இன்னொரு நாட்டு விமானத்துக்குத் திறந்திருக்கலாம்.

8. விமானத்தின் வேகத்தை எடுங்கள்

ஜெட் விமானங்களின் வேகம் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கி.மீ. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகைகள் அதில் 0.78 மடங்கு, அதாவது மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 வகைகள் 0.85 மடங்கு, மணிக்கு 900 கி.மீ. சுழல்விசிறிகள் (புரொப்பெல்லர்) கொண்ட ஏடிஆர் 72 மணிக்கு 500 கி.மீ. அளவுதான்.

இருக்கை முன் திரையில் தெரியும் வேகம் இதுவல்ல. அது தரையோடு ஒப்பிட்ட வேகம். காற்று சேர்ந்த பிறகான எண்.

9. காற்றைச் சேருங்கள்

மித வெப்ப மண்டலத்தில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கும். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் பயணம் அது. தரையோடு ஒப்பிட்ட வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டியிருந்தாலும், சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் விமானம் தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

சென்னை–லண்டனுக்குச் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. காற்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது 900 – 50 = 850; திரும்பும்போது 950. சென்னை–சிங்கப்பூர் வெப்ப மண்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடும் தடம், அங்கே காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் கால் மணி நேரத்துக்கு மேல் விலகாது.

10. பிளாக் நேரத்தை வரவழையுங்கள்

தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டு அதோடு நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடைக்காது. இறங்கிய பிறகு மீண்டும் தரையில் ஓட வேண்டும். ஜெட் விமானத்துக்கு இவற்றுக்காக 40 நிமிடம் சேர்ப்பது நன்றாக ஒத்துவருகிறது.

சிங்கப்பூர்: 3,025 ÷ 830 = 3 மணி 39 நிமிடம்; 40 சேர்த்தால் 4 மணி 19 நிமிடம்.
லண்டன் போக: 8,650 ÷ 850 = 10 மணி 11 நிமிடம்; 40 சேர்த்தால் 10 மணி 51 நிமிடம்.
லண்டனிலிருந்து வர: 8,650 ÷ 950 = 9 மணி 6 நிமிடம்; 40 சேர்த்தால் 9 மணி 46 நிமிடம்.

அட்டவணையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். நெரிசலுக்காக நிறுவனங்கள் சில நிமிடங்களை முன்கூட்டியே சேர்த்துவைக்கின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து சேர்வது இந்தக் கூடுதலால்தான்.

குறுகிய தடங்களில் வேகத்தின் முக்கியத்துவம் குறைந்துவிடும். சென்னை–மதுரை பெருவட்டத் தூரம் 418 கி.மீ.; திருத்தத்தோடு 468. ஏடிஆர் விமானத்தில் 56 நிமிடம். தரையில் ஓடுவதும் ஏறி இறங்குவதும் சேர்த்து, சிறிய விமானம் என்பதால் 25 நிமிடம் கூட்டினால் 1 மணி 21 நிமிடம். ஜெட் விமானம் வந்தாலும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அது முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகக் கொஞ்சம்.

11. இப்போதுதான் கடிகாரம்

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு கழியுங்கள். இந்தியா பொது நேரத்தைவிட 5.30 மணி முன்னால். சிங்கப்பூர் 8 மணி முன்னால். முன்னால் இருக்கும் ஊருக்கு அந்த அளவைக் கழித்தால் பொது நேரம் கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு விமானம் சென்னையில் 23:15க்குக் கிளம்பி மறுநாள் 06:15க்குச் சிங்கப்பூர் சேர்கிறது. சென்னைப் புறப்பாடு பொது நேரத்தில் 17:45. சிங்கப்பூர் வருகை பொது நேரத்தில் அதே நாள் 22:15. வித்தியாசம் 4 மணி 30 நிமிடம். நாம் கணக்கிட்ட 4 மணி 19 நிமிடத்துக்கு அருகில் இருக்கிறது, நம்பலாம். திரும்பும் விமானம் 20:00க்குக் கிளம்பி 21:45க்குச் சென்னை சேர்கிறது என்றால், பொது நேரத்தில் 12:00 முதல் 16:15 வரை. 4 மணி 15 நிமிடம். நேரடியாகக் கழித்தவருக்கு போக 7 மணி, வர ஒன்றே முக்கால் மணி என்று வந்திருக்கும்.

லண்டனுக்குத் தேதி முக்கியம். பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பொது நேரத்தைவிட ஒரு மணி முன்னால் இருக்கும். மற்ற மாதங்களில் சமமாக இருக்கும். சென்னையில் 05:30க்குக் கிளம்பி 10 மணி 50 நிமிடம் பறக்கும் விமானம் குளிர்காலத்தில் லண்டன் நேரம் 10:50க்கும், கோடையில் 11:50க்கும் சேரும். பயணம் ஒரு நிமிடம்கூட நீளவில்லை.

டொராண்டோ கடிகாரத்தை மாற்றுவது வேறு நாட்களில்: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் 5 மணிக்குப் பதிலாக 4 மணியாகிவிடும். மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் பயணம் செய்பவர்கள் மனப்பாடமாகத் தெரிந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தாமல், அந்தத் தேதிக்கானதைப் பாருங்கள்.

நள்ளிரவுப் புறப்பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பல வெளிநாட்டு விமானங்கள் நள்ளிரவைத் தாண்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:30 என்றிருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். வயதான பெற்றோரை அனுப்புகிறீர்கள் என்றால் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். 14ஆம் தேதி, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும் என்று கிழமையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

12. இணைப்பு விமானமும் வாசல் முதல் வாசல் வரையும்

இணைப்புப் பயணத்தில் முதல் புறப்பாட்டையும் கடைசி வருகையையும் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால் மொத்த நேரம் கிடைக்கும். நடுவில் உள்ள ஊரின் காத்திருப்புக்கு மாற்றமே வேண்டாம். வருகையும் புறப்பாடும் ஒரே ஊர் நேரம், அப்படியே கழிக்கலாம். இரண்டையும் கலந்து செய்பவர்கள்தான் குழம்புகிறார்கள்.

இரு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெட்டி பெரும்பாலும் கடைசி ஊர் வரை போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் நடு ஊரில் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, மீண்டும் செக்-இன், மீண்டும் பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு. அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. தனித்தனி டிக்கெட்டுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வாசல் கணக்குக்கு வெளிநாட்டுப் பயணமானால் புறப்பாட்டுக்கு 3 மணி நேரம், உள்நாடானால் 2 மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னைச் சாலைக்கு ஒரு மணி நேரம். இறங்கிய பின் வெளிநாட்டில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம். நாலரை மணி நேரச் சிங்கப்பூர்ப் பயணம் இப்படித்தான் வாசல் முதல் வாசல் வரை பத்து மணி நேரத்தைத் தொடுகிறது. ஒன்றே கால் மணி நேர மதுரைப் பயணம் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. மதுரைக்கு ரயிலோடு ஒப்பிடுவதாக இருந்தால் இந்த ஐந்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

13. முடிவைச் சரிபாருங்கள்

பெருவட்டத் தூரத்தை அட்டவணையின் பிளாக் நேரத்தால் வகுங்கள். கிடைக்கும் சராசரி வேகம் கீழே உள்ள எல்லைக்குள் இருக்க வேண்டும்:

500 கி.மீ.க்குள்: மணிக்கு 250 முதல் 400 கி.மீ.
3,000 கி.மீ. அளவில்: 620 முதல் 700
8,000 கி.மீ.க்கு மேல்: 740 முதல் 850

சிங்கப்பூர் 2,925 ÷ 4.5 = 650. சரி. அதையே கடிகாரத்தை நேரடியாகக் கழித்தவரின் விடையோடு பாருங்கள். போகும்போது 7 மணி என்றால் வேகம் 418. திரும்பும்போது ஒன்றே முக்கால் மணி என்றால் 1,671. எந்தப் பயணிகள் விமானமும் இன்று அந்த வேகத்தில் பறக்கவில்லை. போகும்போது மிகக் குறைவு, வரும்போது மிக அதிகம் என்று வந்தால் நேர மண்டலத்தை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இரு திசையிலும் ஒரே மாதிரி குறைவாக வந்தால் இடையில் ஒரு நிறுத்தம் இருக்கலாம், அல்லது வான்வெளி மூடல் காரணமாகச் சுற்றுப்பாதை இருக்கலாம். இரு திசையிலும் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாகவோ குறைவாகவோ வந்தால் நான்காம் படிக்குத் திரும்பிப் போய், மேற்குத் தீர்க்கரேகையின் கழித்தல் குறியை முதலில் பாருங்கள்.